வீட்டுக் காருக்கு ஸ்கேனர் வாங்குகிறீர்களா? முதலில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள்

ஸ்கேனர் என்பது காரின் சாக்கெட்டில் மாட்டி, வண்டி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை, அதாவது ‘கோடு’ (code) என்பதை, படிக்கும் கருவி. ஆன்லைனில் தேடினால் 400 ரூபாய்க்கும் ஸ்கேனர் இருக்கிறது, 40,000 ரூபாய்க்கும் இருக்கிறது. விலையைப் பார்க்கும் முன்னால் உங்கள் டேஷ்போர்டில் எரிவது எந்த விளக்கு என்று பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு என்றால், மலிவான கருவியே அதன் கோடைப் படித்துவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங் விளக்கு என்றால் 3,000 ரூபாய்க் கருவிகூடப் பெரும்பாலும் கைவிரித்துவிடும். புகை விதிகளுக்காக எல்லா கம்பெனிகளும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று சட்டம் சொன்னது எஞ்சினுக்கும் புகையைப் பாதிக்கும் மற்ற பாகங்களுக்கும் மட்டும்தான். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழியில் பேசுகின்றன. வாங்கிய பிறகு வரும் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அடுத்து, வண்டியின் வருஷம். வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்து அந்தப் பொது மொழியில் சொல்லும் ஓபிடி-2 ஏற்பாடு இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கட்டாயம். அதற்குப் பிறகு தயாரான பெட்ரோல், டீசல் கார்களில் சாதாரண ஸ்கேனர் வேலை செய்யும். 2010 ஏப்ரலுக்கும் 2013 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட வண்டிகளில் பலவும் பேசும், சில பேசாது. அதற்கும் முந்தைய வண்டியில் அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே ஓடுவது கம்பெனியின் தனி மொழியாக இருக்கலாம். சாக்கெட்டில் மாட்டுகிறது என்பதால் மட்டும் படித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அந்த உள்நாட்டுச் சந்தை வண்டிகள் சிலவற்றைப் பொது ஸ்கேனரால் தொட முடியாது. கடையில் வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மின்சார கார்களுக்கு இந்தப் பொது மொழி பொருந்தாது. பேட்டரி விவரம் வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்றே உள்ள ஆப் தேட வேண்டும்.

சாக்கெட் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் இருக்கும். ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. 16ஆம் துளையில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். 4, 5 இரண்டும் எர்த். 6, 14 இரண்டிலும் உலோகப் பின் தெரிந்தால் வண்டி அநேகமாகக் கேன் பஸ் என்ற புதிய வகைத் தகவல் லைனில் பேசுகிறது, எந்தக் கருவியும் சுலபமாக இணையும். அந்த இரண்டும் காலியாக இருந்து 7இல் மட்டும் பின் இருந்தால் அது கே-லைன் என்ற பழைய வகைத் தகவல் லைன். மலிவான புளூடூத் கருவிகள் திணறும் இடம் இதுதான்.

புளூடூத் கருவியா, வயர் கருவியா

400 முதல் 800 ரூபாய்க்குக் கிடைக்கும் நீலநிறக் குட்டி டாங்கிள்கள் (சாக்கெட்டில் மாட்டி போனோடு இணைக்கும் அடாப்டர்கள்) கிட்டத்தட்ட எல்லாமே இஎல்எம்327 என்ற சிப்பின் பெயரில் விற்கப்படும் நகல்கள். அந்தச் சிப்பை உருவாக்கியது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். முதல் பதிப்பில் காப்பி அடிக்க முடியாதபடி பூட்டுப் போடவில்லை, அதிலிருந்துதான் நகல்கள் பெருகின. ‘வெர்ஷன் 1.5’ என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். அசல் கம்பெனி 1.5 என்று எதையும் வெளியிட்டதே இல்லை. ‘2.1’ என்று வரும் நகல்கள் இன்னும் மோசம். பல கட்டளைகளைத் தூக்கிவிட்டு, கேட்டால் சரி என்று மட்டும் பதில் சொல்லும். கேன் பஸ் வண்டியில் கோடு படிக்க, அழிக்க இவை போதும். கே-லைன் வண்டியில் இணையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது நடுவில் அறுந்துபோகும்.

புளூடூத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் போய், எஸ்டிஎன் வகைச் சிப் உள்ள ஓபிடிலிங்க் போன்றதையோ, விகேட்டின் விலிங்கர் வரிசையையோ பாருங்கள். பதில் வேகமாக வரும், தகவல் விடுபடாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய வகைப் புளூடூத் டாங்கிள் பெரும்பாலும் ஐபோனில் இணையாது. பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகைப் புளூடூத்) என்று தெளிவாகப் போட்டிருப்பதோ, வைஃபை வகையோதான் ஆகும். வைஃபை வகையில் போன் அந்த டாங்கிளோடு இணைந்திருக்கும் நேரத்தில் பல போன்களில் இன்டர்நெட் தடைபடும். கோடுக்கு அர்த்தம் தேட இன்னொரு போன் வைத்துக்கொள்வது நல்லது.

வயரோடு வரும் கைக்கருவிக்கு போனும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 1,500 முதல் 4,000 ரூபாய்க்குள் லாஞ்ச், ஆட்டெல், ஆன்செல், ஃபாக்ஸ்வெல் கம்பெனிகளின் அடிப்படைக் கருவிகள் கிடைக்கும். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர் பயன்படுத்தப் போகிறார்கள், அப்பாவுக்கு ஆப் பழக்கம் இல்லை என்றால் இதையே வாங்குங்கள். நாளைக்கே உங்கள் போன் மாறினாலும் கருவி அப்படியே வேலை செய்யும். எங்கள் பரிந்துரையும் முதலில் இதுதான். கிராஃப் பார்த்து அலசும் ஆர்வம் இருந்தால் மட்டும் நல்ல புளூடூத் கருவிக்குப் போகலாம். அதில் ‘கார் ஸ்கேனர்’, ‘டார்க்’ ஆப்கள் இரண்டும் கொடுத்த காசுக்கு மேலே வேலை செய்கின்றன. ஃபோர்டு வண்டி என்றால் ‘ஃபோர்ஸ்கேன்’ மென்பொருள் ஏபிஎஸ், ஏர்பேக் வரை உள்ளே போகும். ஆனால் எல்லா யூனிட்டுகளையும் பார்க்க 3, 11ஆம் பின்களில் ஓடும் இரண்டாவது கேன் லைனையும் பிடிக்கத் தெரிந்த அடாப்டர் வேண்டும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை

அட்டையில் ‘3,000 கோடுகள்’, ‘9 மொழிகள்’ என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, விளக்கு எரியும் முன்பே பதிவாகும் பெண்டிங் கோடுகளைக் காட்ட வேண்டும். இரண்டு, ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு விழுந்த அந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று எடுத்து வைத்த பதிவு அது. முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியவில்லை) என்று பி0301 வந்தால், ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் 32 டிகிரி, 800 ஆர்பிஎம் என்று இருப்பதும், 90 டிகிரி, 3,500 ஆர்பிஎம், 85 சதவீத லோடு என்று இருப்பதும் வேறு வேறு கதை. இரண்டாவதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்பார்க் பிளக், காயில். மூன்று, லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகள், அதுவும் கிராஃபாக. நான்கு, ரெடினெஸ் நிலை. கோடை அழித்த பிறகு வண்டி தன் சோதனைகளை முடித்ததா இல்லையா என்று அதுதான் சொல்லும்.

ஏபிஎஸ், ஏர்பேக் வேண்டும் என்றால் பட்ஜெட் 6,000 ரூபாய்க்கு மேல் போகும். அப்போது கருவியின் மாடல் பட்டியலைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ‘சுசுகி’ என்று இருந்தால் மாருதி வண்டி எல்லாம் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. மாருதி, டாடா, மஹிந்திரா என்று தனித்தனியாக இருக்கிறதா, உங்கள் மாடல், வருஷம், எஞ்சின் மூன்றும் பொருந்துகிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அப்டேட் ஆயுள் முழுக்க இலவசமா, ஒரு வருஷத்துக்குப் பிறகு காசா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது வருஷக் கட்டணம் சில கருவிகளில் கருவி விலையில் பாதியைத் தொடும்.

டீசல் வண்டிக்காரர்கள் டிபிஎஃப் ரீஜெனரேஷன் (புகைக் கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்வது), இன்ஜெக்டர் கோடிங் (புது இன்ஜெக்டரின் எண்ணை வண்டியில் பதிவது) வேண்டும் என்று நினைப்பார்கள். அது கருவி வண்டிக்கு உத்தரவு கொடுக்கும் வகை, விலையும் அதற்கேற்ப ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வேலைக்கு அதை வாங்குவதைவிட வொர்க்ஷாப்பில் கொடுத்துச் செய்துகொள்வது லாபம்.

கையில் வந்ததும் சோதிப்பது

திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் காலையில், எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும்போது மாட்டுங்கள். சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கருவிக்கு உயிரே வரவில்லை என்றால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். பல வண்டிகளில் இந்த சாக்கெட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் ஓடுகின்றன. மட்டமான மொபைல் சார்ஜர் அந்த ஃபியூஸை எரித்திருக்கும்.

இணைந்ததும் கூலன்ட் சூட்டையும் இன்டேக் காற்றின் சூட்டையும் பாருங்கள். ஆறிய எஞ்சினில் இரண்டும் 3, 4 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். சென்னைக் காலை என்றால் 26, 28 என்று காட்டும். பிறகு பேட்டரி வோல்டேஜை மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கருவி காட்டும் வோல்டேஜை நம்பி ஆல்டர்னேட்டரைக் கழற்றக் கூடாது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தட்டி விடுங்கள். ஆர்பிஎம் எண் உடனே ஏறி இறங்க வேண்டும். இரண்டு நொடி கழித்து ஏறினால் கிராஃப் பார்க்கும் வேலைக்கு அது ஆகாது.

கோடு சொல்வது என்ன, சொல்லாதது என்ன

பி0118 என்று வந்தால் கூலன்ட் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். லைவ் டேட்டாவில் கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று நிற்கும். தமிழ்நாட்டு வெயிலில் மைனஸ் 40 என்றால் எங்கோ லைன் அறுந்திருக்கிறது. சென்சாரை உடனே வாங்கிவிடாதீர்கள். சாவியை ஆஃப் செய்து சென்சாரின் இரண்டு வயர் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் மெல்லிய கம்பியால் இணைத்து, சாவியை ஆன் செய்து திரையைப் பாருங்கள். சூடு 120 டிகிரிக்கு மேல் எகிறினால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போயிருக்கிறது. அப்படியே மைனஸ் 40இல் நின்றால் சென்சாரை மாற்றியும் பயன் இல்லை, வயரிலோ கனெக்டரிலோ குறை. இரண்டு வயர் மட்டும் உள்ள சென்சாருக்குத்தான் இந்தச் சோதனை. மூன்று வயர் சென்சாரில் 5 வோல்ட் சப்ளையை எர்த்தோடு சேர்த்துவிட்டால் வேறு சென்சார்களும் சேர்ந்து படுக்கும். சோதனையால் பி0117 ஒன்று பதிவாகும், அதைக் கடைசியில் அழித்துவிடலாம்.

இன்னொன்று பி0171, பெட்ரோல் குறைவாகக் கலக்கிறது என்ற கோடு. இதற்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதில்தான் நிறையக் காசு வீணாகிறது. அந்த சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. ஃப்யூல் ட்ரிம் என்பது கலவையைச் சரியாக்க வண்டி தானாகவே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். லைவ் டேட்டாவில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐடிலில் 24 என்று இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது 4க்கு இறங்கினால், எங்கோ ஒரு வேக்குவம் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மாறாக வேகமும் லோடும் கூடக் கூட ட்ரிம் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர், அழுக்கான காற்று அளவி சென்சார் பக்கம் போங்கள். இந்தக் கணக்கு காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. நம் சின்ன கார்கள் பலவற்றில் காற்றின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் மேப் சென்சார்தான் இருக்கிறது. அவற்றில் ஹோஸ் கிழிந்தால் ட்ரிம் அவ்வளவாக ஏறாது, ஐடில் வேகம்தான் கூடும்.

கோடை அழிக்கும் பட்டனைத் தொடும் முன் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்து வையுங்கள். அழித்தால் அந்தப் பதிவு போய்விடும், ரெடினெஸ் சோதனைகளும் மீண்டும் முதலிலிருந்து ஓட வேண்டும். வொர்க்ஷாப் போகிற வழியில் விளக்கை அழித்துவிட்டுப் போனால் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. யூ என்று தொடங்கும் கோடுகள் கும்பலாக வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழுந்து, வண்டிக்குள் இருக்கும் கணினி யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போயிருக்கலாம்.

டாங்கிளை மாட்டியபடியே வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். 40 மில்லிஆம்பியர் இழுக்கும் டாங்கிள் ஒரு நாளில் ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி தின்றுவிடும். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு வாரத்தில் 14 போய்விடும், வண்டியின் சொந்த இழுப்பு தனி. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும் வரும்.

பட்ஜெட் 4,000 என்றால் ஸ்கேனருக்கு 2,500 வைத்துக்கொள்ளுங்கள். மீதியில் 800 ரூபாய் அளவில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும், எலக்ட்ரிகல் கனெக்டர்களுக்கான கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பாவும் வாங்குங்கள். மேலே சொன்ன கூலன்ட் சென்சார் வேலையை முடித்து வைப்பது அந்த இரண்டும்தான்.