உறையிட்ட ரோமானிய நாணயத்தின் சீட்டைச் சரிபார்ப்பது எப்படி?

தரமதிப்பீட்டு நிறுவனங்கள் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் நாணயத்தின் சீட்டில் இரண்டு வெவ்வேறு தீர்ப்புகள் உள்ளன. நாணயம் யாருடையது, எங்கே அச்சிடப்பட்டது என்பது ஒன்று. அது எந்த நிலையில் இருக்கிறது என்பது மற்றொன்று. தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதி, தரம் உயர்ந்திருந்தால் பெயரும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கீழ்க்காணும் வரிசையில் பார்த்தால் இரண்டையும் தனித்தனியே சோதிக்கலாம்.

முதல் படி: கருவிகள்

10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு விளக்கு ஆகியவை போதும். உறையிடாத நாணயங்களுக்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசும் வேண்டும். கணினியில் இணைக்கும் நுண்ணோக்கியை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் பார்த்தால் இயல்பான அரிப்புக்குழிகூடப் போலி வார்ப்பின் அடையாளமாகத் தோன்றும்.

இரண்டாம் படி: எழுத்துகளைப் படித்தல்

சீட்டை மறைத்துக்கொண்டு, தலைப்பக்கத்து எழுத்துகளை நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

மூன்றாம் படி: ஒரே பெயர் கொண்ட பேரரசர்களைப் பிரித்தல்

பெரும்பாலான பிழைகள் நேருமிடம் இதுதான். வெஸ்பாசியனும் (69–79) அவருடைய மூத்த மகன் டைட்டஸும் (79–81) முழுப்பெயரில் ஒன்றானவர்கள், முகச்சாயலும் நெருங்கியது. டைட்டஸைக் குறிக்கும் தனி ‘டி’ எழுத்து தேய்ந்துபோனால், மகனுடைய நாணயம் தந்தையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதைவிடச் சிக்கலானது காரகல்லா, எலகாபாலஸ் குழப்பம். இவை இரண்டும் பிற்காலத்தார் வழங்கும் பெயர்களே. நாணயங்களில் இருவருமே ‘அந்தோனினஸ்’தான். என்னிடம் உள்ள, கதிர்முடி சூடிய தலை கொண்ட ஒரு வெள்ளி நாணயத்தின் சீட்டில் காரகல்லா என்று அச்சிட்டிருந்தார்கள். வெள்ளி நாணயங்களில் கதிர்முடி, ‘அந்தோனினியானஸ்’ எனப்படும் வகைக்கு உரியது. காரகல்லா அவ்வகையை அறிமுகப்படுத்தியது 215-இல். அதற்கு முன்பே, 213-இல், அவர் ‘ஜெர்மானிகஸ்’ பட்டத்தை ஏற்றிருந்ததால், அவருடைய அந்தோனினியானஸ்களில் ‘ஜெர்ம்’ என்ற சுருக்கம் இடம்பெறும். என் நாணயத்தின் வாசகம் ‘இம்ப்’ (இம்பெராட்டர் என்ற பட்டத்தின் சுருக்கம்) என்று தொடங்கி ‘ஆக்’ (அகஸ்டஸ்) என்று முடிகிறது, ‘ஜெர்ம்’ இல்லை. ஆகவே அது 218 முதல் 222 வரை ஆண்ட எலகாபாலஸின் நாணயம்.

‘டெனாரியஸ்’ என்ற மற்றொரு வெள்ளி நாணய வகையில் இவ்வளவு கூர்மையான விதி இல்லாததால் பல குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 201-க்குப் பிந்தைய காரகல்லாவின் ரோம் டெனாரியஸ்களில் வாசகம் பொதுவாக ‘அந்தோனினஸ்’ என்றே தொடங்கும்; எலகாபாலஸின் பெரும்பாலான டெனாரியஸ்களில் முதலில் ‘இம்ப்’ வரும். எலகாபாலஸின் பின்பக்கங்கள் பலவற்றில் உருவத்தின் அருகே ஒரு விண்மீன் உண்டு. அவருடைய பிற்கால முகங்களில் நெற்றிக்கு மேல் கொம்பு போன்ற ஒன்று துருத்தி நிற்கும்.

நான்காம் படி: பட்டியல் எண்

ரோமப் பேரரசு நாணயங்களின் பட்டியல் நூலான ‘ரோமன் இம்பீரியல் காய்னேஜ்’ தொகுதிகளின் எண் ஒவ்வொரு பேரரசருக்கும் புதிதாகத் தொடங்குவதும், பிற்காலத் தொகுதிகளில் ஒவ்வோர் அக்கசாலைக்கும் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. எனவே எண்ணை மட்டும் தேடினால் பயனில்லை. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ‘ஓக்ரே’ இணையப் பட்டியலில், நீங்கள் தாளில் எழுதிய வாசகத்தை உள்ளிட்டுத் தேடுவதே நல்லது. ஏலப் படங்களோடு ஒப்பிடுவது வேகமான வழிதான் என்றாலும், அங்கேயும் தவறான பெயர்கள் படியெடுக்கப்பட்டுப் பரவியிருக்கின்றன.

ஐந்தாம் படி: தரம்

என்ஜிசி என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் பண்டைய நாணயங்களின் தேய்மானத்தைச் சொற்களாலும், அச்சடிப்பையும் மேற்பரப்பையும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என்றும் குறிக்கிறது. தற்கால நாணயங்களுக்குரிய 70 புள்ளி அளவுகோல் இங்கே இல்லை. அதை நான் வரவேற்கிறேன். கையால் அடித்த நாணயத்தில் முகம் மங்கியிருக்கக் காரணம் புழக்கத்தில் ஏற்பட்ட தேய்மானமாக இருக்கலாம், தேய்ந்துபோன அச்சாகவும் இருக்கலாம். புடைத்த இடங்கள் மட்டும் மழுங்கியிருந்தால் அது தேய்மானம். பள்ளமான இடங்களிலும் நுணுக்கம் இல்லையென்றால் அச்சையோ வலுவற்ற அடியையோ சந்தேகிக்கலாம். வெண்கல நாணயமானால் விளக்கைச் சாய்த்து முடிக்கற்றைகளைப் பாருங்கள். சுற்றியுள்ள பரப்பு அரித்திருக்க, முடி மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், பிற்காலத்தில் யாரோ உளியால் செதுக்கியிருக்கக்கூடும்.

பின்சேர்க்கை 1: ‘இம்ப்’ என்று தொடங்கும் சிறுவன் முகத்து டெனாரியஸ் எலகாபாலஸுடையதுதானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவசரப்பட வேண்டாம். காரகல்லா 198-இல் இணைப்பேரரசரானபோது அவருக்கு ஒன்பது வயதுதான். அவருடைய முதல் நாணயங்களிலும் ‘இம்ப்’ உண்டு. அங்கே பின்பக்க வாசகத்தையும் உருவத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பின்சேர்க்கை 2: வெஸ்பாசியன் நாணயத்தின் சீட்டிலுள்ள எண் ‘ஓக்ரே’யில் வேறொரு நாணயத்தைக் காட்டுகிறது என்று இன்னொருவர் எழுதினார். அது சீட்டின் பிழையாக இல்லாமலும் போகலாம். ‘ரோமன் இம்பீரியல் காய்னேஜ்’ நூலில் வெஸ்பாசியன் முதல் டொமிஷியன் வரையிலான பகுதி 2007-இல் திருத்திய பதிப்பாக வந்தபோது எண்கள் மாறின; சீட்டில் பழைய பதிப்பின் எண் இருக்கக்கூடும். திருத்தம் கோரி நாணயத்தை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன், எந்தப் பதிப்பின் எண் என்பதை உறுதிசெய்து, முழு வாசகத்தையும் கடிதத்தில் எழுதி இணைத்துவிடுங்கள்.