தரம் 1, 2 பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துகளை எவ்வாறு கற்பிப்பது என்பது ஆசிரியர் வழிகாட்டியில் உண்டு. வாசிப்பில் நமக்கு இருக்கும் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பதையே இங்கு படிப்படியாக விளக்குகிறேன். அதற்கு நாளுக்குப் பத்து நிமிடமும் ஒரு நல்ல கதைப்புத்தகமும் போதும்.

முதற்படி: புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

உங்களுக்குப் பிடிக்காத புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். அறிவுரை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்த கதையை ஆசிரியர் விருப்பமின்றி வாசிக்கிறார் என்பதைப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். படம் பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் கதை கிடைத்தால் மிக நல்லது, ஏனெனில் அத்தொடர் மூன்றாம் தடவை வரும்போது வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடும்.

பாடசாலை நூலகத்தில் பூட்டிய அலுமாரிக்குள் கிடப்பவற்றை முதலில் பாருங்கள். அடுத்து உங்கள் பிரதேச சபை நூலகத்துக்கும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் போகலாம். ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றித் தரவிறக்கி அச்சிட முடியும். நம் ஊர்களில் வெளிவந்த பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடுவோருக்கு ‘நூலகம்’ இணையத்தளம் இருக்கிறது. இந்தியாவில் அச்சான கதைகளில் பாட்டியும் நாற்காலியும் வரும். அவற்றை எழுதியபடியே வாசித்து, முதல் தடவை மட்டும் அம்மம்மா, கதிரை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கதையை நிறுத்தி அதை ஒரு பாடமாக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வீட்டில் ஒத்திகை

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். முந்திய இரவு புத்தகத்தை வாய்விட்டு இரண்டு தடவை வாசியுங்கள். தமிழில் உரையாடலை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: யார் பேசினார், எந்த மனநிலையில் பேசினார் என்பது பெரும்பாலும் பேச்சு முடிந்த பின்னரே எழுத்தில் வருகிறது. “என் குடையை யார் எடுத்தது?” என்று நண்டு விம்மியது என்ற வரியை முன்கூட்டிப் பார்த்திராத ஒருவர், அதட்டும் குரலில் தொடங்கி, ‘விம்மியது’ என்ற சொல்லுக்கு வந்ததும் திகைத்து நிற்பார். நீண்ட வாக்கியங்களிலும் வினைச்சொல் கடைசியிலேயே வருவதால், கண் எப்போதும் வாய்க்கு முன்னால் ஓட வேண்டும். அந்தப் பழக்கம் ஒத்திகையில்தான் கிடைக்கும்.

நிறுத்த வேண்டிய இடங்களையும், குரலைத் தாழ்த்த வேண்டிய இடங்களையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள். ழகர, ளகர, லகரங்களைத் தெளிவாக ஒலித்தால் போதுமானது. மேடைப் பேச்சுக்குரிய குரலோ நாடகத்துக்குரிய மிகை நடிப்போ தேவையில்லை.

மூன்றாம் படி: இருத்துதல்

பாய் விரித்து, பிள்ளைகளை அரைவட்டமாக இருத்துங்கள். வெளிச்சம் புத்தகத்தின் மீது விழ வேண்டுமே தவிர, அதன் பின்னாலிருந்து வரக்கூடாது. தட்டியால் பிரித்த மண்டபத்தில் பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தால் அதனோடு போட்டியிட்டுப் பயனில்லை. மழையில்லாத நாளில் வேப்பமர நிழலுக்குப் போய்விடுங்கள்.

நான்காம் படி: வாசித்தல்

முதலில் அட்டையைக் காட்டி, கதையின் பெயரையும், எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களையும் வாசியுங்கள். புத்தகம் என்பது மனிதர்கள் செய்யும் ஒரு பொருள் என்று பிள்ளை அறிவது இவ்விடத்தில்தான். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துப் பிடித்து, வரியின் கீழே விரலை நகர்த்தி வாசியுங்கள். எழுத்து இடமிருந்து வலமாக ஓடுவதையும், சொற்களுக்கிடையே இடைவெளி இருப்பதையும் தரம் 1 பிள்ளைகள் இதைப் பார்த்தே பழகுகிறார்கள். பக்கத்தைப் புரட்டுமுன் படத்தைப் பார்க்க நேரம் கொடுங்கள், ஏனெனில் நாம் கவனிக்காத பூனையை மூலையில் கண்டுபிடிப்பது எப்போதும் ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் “இனி என்ன நடக்கும்?” என்று கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் கதை அறுந்துவிடும்.

ஐந்தாம் படி: வாசித்து முடித்த பின்

ஒன்றும் செய்யாதீர்கள். கதை முடிந்தவுடன் வினாக் கேட்பதும், கொப்பியில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வதும், “இக்கதையிலிருந்து நாம் என்ன படிப்பினை பெறுகிறோம்?” என்று தொடங்குவதும் நம்மிடம் ஊறிப்போன பழக்கங்கள். அடுத்து வரப்போவது விசாரணை என்று தெரிந்த பிள்ளை கதையைக் கேட்காது, விடையைத் தேடும். விரும்பினால் உங்களுக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்து, அது ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிள்ளைகள் தாமாகப் பேசினால் கேளுங்கள்.

பிறகு அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வகுப்பறைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அட்டை வெளியே தெரியும்படி புத்தகங்களை விரித்துத் தொங்கவிடுவது அலுமாரியைவிடச் சிறந்தது. கிழியும் என்று பயப்படுவோருக்கு: ஆம், கிழியும், அதற்குத்தான் ஒட்டுநாடா இருக்கிறது.

அதே கதையை அந்த வாரத்தில் மறுபடியும் வாசியுங்கள். சில நாட்களில், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அப்புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்து, நினைவிலிருந்து உங்கள் குரலிலேயே கதையைச் சொல்வதைக் காண்பீர்கள். அதைப் போலி வாசிப்பு என்று திருத்திவிடாதீர்கள். நினைவில் உள்ள சொல்லை அச்சில் உள்ள சொல்லோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி அதிலிருந்தே தொடங்குகிறது.

ஆறாம் படி: நீங்களும் வாசித்தல்

பிள்ளைகள் புத்தகம் பார்க்கும் பத்து நிமிடத்தில் வரவுப் பதிவேட்டை நிரப்பாமல், உங்கள் சொந்தப் புத்தகத்தை எடுத்து அவர்கள் காண வாசியுங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் போட்டிகளும் பேச்சுகளும் நடக்கும், நல்லதுதான். ஆனால் நவம்பரில் ஆசிரியர் கையில் புத்தகம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ்களால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

முடிந்தால் வகுப்பைப் பொது நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1981இல் அது எரிக்கப்பட்ட கதையை இந்த வயதில் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டால், அது சற்று வளர்ந்த பின்னர் சொல்ல வேண்டியது என்பது என் கருத்து. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்துப் பிறருக்கு வாசிக்கக் கொடுத்ததிலிருந்து அந்த நூலகம் பிறந்தது என்பதைத் தரம் 2 பிள்ளைக்கும் சொல்லலாம். “எங்கட வீட்டிலையும் வைக்கலாமா?” என்று யாராவது கேட்பார்கள்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கொண்டுபோதல்

வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பி, ஒரு கொப்பியில் பெயரையும் திகதியையும் பதிந்துகொள்ளுங்கள். வாசித்துக் காட்ட வீட்டில் யாருக்கும் நேரமில்லையென்றால், பிள்ளை சொல்லும் கதையை அம்மம்மாவோ அப்பப்பாவோ கேட்டால் போதும் என்று பெற்றோருக்குத் தெரிவியுங்கள். தரம் 5இல் வரும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று தரம் 1 பிள்ளையின் பெற்றோரே கேட்கக்கூடும். விரும்பி வாசிக்கும் பிள்ளை வினாத்தாளையும் விரைவாக வாசிக்கும் என்று சொல்லிவிட்டு, பேச்சைக் கதைக்குத் திருப்புங்கள்.

வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் கதைகளையும் புத்தகமாக்கலாம். ஒரு தாளை நீளவாக்கில் ஒரு தடவை மடித்து விரியுங்கள். பின் குறுக்காக இரண்டு தடவை மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். மறுபடியும் குறுக்காகப் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்டத்தின் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்து நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். வரிகளைப் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், படங்களை அது வரையட்டும். அட்டையில் அதன் பெயரை எழுதி, அச்சுப் புத்தகங்களுக்கு நடுவே அதே கயிற்றில் தொங்கவிட்டு, அடுத்த நாள் அதையே வகுப்புக்கு வாசித்துக் காட்டுங்கள்.