பூப்பாத்தியை விட்டு விலகுங்கள்: மலைப் பூங்காவில் பூச்சி தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

மார்ச் பிறந்ததும் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கும் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் கேமராவோடு வருகிறவர்களில் பலர், "ஒரு பட்டாம்பூச்சிகூடக் கண்ணில் படவில்லை" என்று திரும்புகிறார்கள். பூச்சி அங்கேதான் இருந்திருக்கும். அவர்கள் வந்த நேரமும் நின்ற இடமும்தான் சரியில்லை.

முதலில் நேரம். நீலகிரிச் சிரிப்பான் பறவையைப் பார்க்க விடியலில் வரலாம், பூச்சிக்கு அது ஆகாது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காலைக் குளிரில் பட்டாம்பூச்சியின் பறக்கும் தசைகள் வேலை செய்யாது. வெயில் விழும் இலையில் சிறகை விரித்து உடம்பைச் சூடேற்றிய பிறகே அது கிளம்பும். ஒன்பதரை முதல் பன்னிரண்டு மணி வரை நல்ல நேரம். சிம்ஸ் பூங்கா ஒரு பள்ளத்தின் சரிவுகளில் அமைந்தது. அங்கே வெயில் முதலில் இறங்கும் சரிவாகப் பார்த்து நில்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கோடை மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் தேடலை மதியத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது தவறுதான் பெரியது: பூப்பாத்தியையே சுற்றிச் சுற்றி வருவது. அழகுக்காக வளர்க்கும் அடுக்குப் பூக்கள் பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும் பூச்சிக்கு அதில் கிடைப்பது குறைவு. வேலியோரம், களை மண்டிய மூலை, ஓடைக்கரை, இங்கெல்லாம் போங்கள். பூவை விட்டு இலையைப் பாருங்கள், அதிலும் இலையின் அடிப்பக்கத்தை. கீழ் இலையில் கடுகு போலக் கறுப்பு உருண்டைகள் சிதறிக் கிடந்தால் அது புழுவின் எச்சம். நேர் மேலே நிமிர்ந்து தேடினால் புழு இருக்கும்.

ஈரமான நிழலோரங்களில் உடம்பெல்லாம் சுணையோடு காஞ்சொறி வகைச் செடி ஒன்று வளரும். பெரிய இலை, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். அதில் ஒரு இலை மட்டும் மடிந்து, விளிம்புகள் பட்டு நூலால் தைத்தது போல ஒட்டியிருந்தால் நின்று கவனியுங்கள். கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த இந்தியன் ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சியின் முட்புழு உள்ளே இருக்கக்கூடும். பிரித்துப் பார்க்காதீர்கள்: கூடாரம் போனால் புழு குளவிக்கும் பறவைக்கும் இரையாகிவிடும், சுணையும் உங்கள் கையைச் சும்மா விடாது. கை பட்டுவிட்டால் தேய்க்காமல், செல்லோ டேப்பை ஒட்டி உரித்துச் சுணையை எடுங்கள். பிறகு தண்ணீரில் கழுவுங்கள்.

எலுமிச்சை, நார்த்தை இலையில் பறவை எச்சம் போலத் தெரிவதையும் எச்சம் என்றே கடந்துவிடாதீர்கள். அழகி வகைப் பட்டாம்பூச்சிகளின் இளம்புழுக்கள் அப்படித்தான் வேடமிட்டிருக்கும்.

படம் எடுக்கும்போது நிழல் பூச்சியின் மேல் விழுந்தால் அது உடனே பறந்துவிடும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, தாழக் குனிந்து, பக்கவாட்டில் மெதுவாக நெருங்குங்கள். சிறகின் மேல்பக்கம், அடிப்பக்கம், அமர்ந்த செடி என மூன்று படம் வேண்டும். சிறகின் அடிப்பக்கப் படம் இல்லாமல் பல இனங்களைப் பிரித்தறியவே முடியாது. பைனாகுலர் வாங்குவதானால் 8 மடங்கு போதும். இரண்டு மீட்டருக்குள் தெளிவாகக் காட்டுகிறதா என்பதைக் கடையிலேயே சோதியுங்கள்.

கல்லையும் மரக்கட்டையையும் வெறுங்கையால் புரட்டாதீர்கள், குச்சியைப் பயன்படுத்துங்கள். புரட்டியதை அதே பக்கமாகத் திரும்ப வைக்க வேண்டும். அடியில் உள்ள ஈரம் காய்ந்தால் அங்கு வாழ்வதெல்லாம் செத்துப்போகும். சில சமயம் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு தென்படும். மண்புழு தின்னும் நஞ்சற்ற உயிர் அது, அடித்துவிடாதீர்கள்.

உயர்ந்த மரக்கிளையில் மலைத்தேனீக்களின் அடை தொங்கினால் அதன் கீழே நிற்காதீர்கள். புகை, டிரோன் இரண்டும் ஆகாது. ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றவை திரண்டு வரும். கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ ஓடுங்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள்.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் புதருக்குப் பின்னால் காட்டுமாடு மேய்ந்துகொண்டிருக்கலாம். பூச்சியையே உற்றுப் பார்ப்பவருக்கு அது தெரியாது. குனியும் முன் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அது மூச்சைச் சீறித் தலையைத் தாழ்த்தினால், வழியை மறிக்காமல் மெல்லப் பின்வாங்கி விடுங்கள்.