என்.டி.ஏ. தேர்வை மறுபடி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், மொத்தம் 308 இருக்கு. கட் ஆஃப் 301தான். அப்புறம் ஏன் சார் என் நம்பர் வரலை?"

முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேர ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வு இது. 2023-ஆம் ஆண்டின் முதல் தேர்வை எழுதிய ஒரு பையன் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. கையில் மதிப்பெண் பட்டியலின் பிரிண்ட் அவுட். கணிதம் 58, பொதுத் திறன் 250. மொத்தம் தாண்டினால் மட்டும் போதாது, அந்தத் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 25 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். 300-க்கான கணிதத் தாளில் அது 75. பதினேழு மதிப்பெண்ணில் போயிருக்கிறது. இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் என்னவென்றால், அந்த மதிப்பெண் பட்டியல் அவன் கைக்கு வருவதற்குள் செப்டம்பர் தேர்வையும் அதே மாதிரி எழுதி முடித்திருந்தான்.

மறுமுயற்சி செய்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: எங்கே விட்டோம் என்று தெரியாமலே அடுத்த தேர்வுக்குப் போவது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு ராணுவத் தேர்வு வாரியம் (எஸ்.எஸ்.பி.) நடத்தும் நேர்முகமெல்லாம் முடிந்து இறுதி முடிவு வந்த பிறகுதான், தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி. மதிப்பெண்ணை இணையதளத்தில் போடும். அதுவும் 30 நாள்தான் இருக்கும். அந்த நாட்களைத் தவறவிட்டு, "எவ்வளவு வாங்கினேன்னே தெரியாது" என்று சொல்பவர்களும் உண்டு. அதைக் கட்டாயம் இறக்கி வையுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தேர்வு முடிந்ததும் விடைத்தாளை மட்டும்தான் வாங்கிக்கொள்வார்கள், வினாத்தாள் புத்தகம் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். மறுமுயற்சிக்கு அதைவிட நல்ல கைடு கிடையாது. குறித்த விடைகளை அதிலேயே குறித்து வையுங்கள். அன்றைக்கே, சூடு ஆறுவதற்குள், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போடுங்கள்: தெரிந்து போட்டது, பாதி தெரிந்து போட்டது, கண்ணை மூடிப் போட்டது. ஒரு வாரம் போனால் எது எது என்று உங்களுக்கே மறந்துவிடும்.

அந்தப் பையனின் கணித வினாத்தாள் புத்தகத்தை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 120 கேள்வியில் 90-க்கு விடை குறித்திருந்தான். 40 சரி, 50 தவறு. சரிக்கு 2.5 வீதம் நூறு மதிப்பெண். தவறுக்கு 0.83 வீதம் கிட்டத்தட்ட 42 கழிந்துபோனது. இதைக் கேட்டதும் பலரும் "தெரியாததைத் தொடவே கூடாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதுவும் முழுச் சரியில்லை. நான்கு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையையாவது நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் குறிப்பதே லாபம். பையனுக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். அவன் அப்போதே போட்டிருந்த பென்சில் அடையாளங்களைப் பார்த்தால், தவறுகளில் பெரும்பகுதி 'பாதி தெரிந்தது'. கணக்கைப் பாதிவரை போட்டு, குறியை மாற்றிவிட்டு, வந்த எண் விடைகளில் இருக்கிறதே என்ற தைரியத்தில் குறித்தவை. இருக்கத்தான் செய்யும். பிள்ளைகள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்று பார்த்துத்தான் தவறான விடைகளை வைப்பார்கள். பாதி தெரிந்த பாடங்களைப் பட்டியல் போட்டு முழுசாக்குவதுதான் அடுத்த ஐந்து மாத வேலை. புதுப் பாடங்களைத் தேடி ஓடுவதை அப்புறம் பார்க்கலாம்.

கணிதத்தில் அடிபட்டவர்கள் அடுத்த முறை கணிதத்திலேயே மூழ்கிவிடுவதும் நடக்கிறது. மொத்தம் 900-ல் கணிதம் 300, பொதுத் திறன் 600. பொதுத் திறனில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். அதில் ஆங்கிலம் மட்டுமே 50 கேள்வி, 200 மதிப்பெண். கணிதத்தில் அதே 200-ஐ எடுக்க 80 கணக்கு சரியாக வர வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலப் பகுதியைப் பயந்து ஒதுக்குகிறார்கள். தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் பென்சிலோடு படித்தால் அதே நேரத்தில் நடப்பு நிகழ்வுகளும் சேர்ந்துவிடும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நீங்கள் ஏற்கெனவே படித்த பள்ளிப் புத்தகங்களே அடித்தளம்.

அடுத்தது கொஞ்சம் வலிக்கிற விஷயம். "கட் ஆஃபைத் தாண்டினால் போதும், மற்றதை எஸ்.எஸ்.பி.யில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு. எழுத்துத் தேர்வு மதிப்பெண் நுழைவுச் சீட்டோடு முடிவதில்லை. எழுத்து 900, எஸ்.எஸ்.பி. 900, இரண்டையும் கூட்டித்தான் மெரிட் பட்டியல். 2024-ஆம் ஆண்டின் முதல் தேர்வில் எழுத்து கட் ஆஃப் 291, இறுதி கட் ஆஃப் 654. எழுத்தில் 295 எடுத்தவர் எஸ்.எஸ்.பி.யில் 359 எடுத்தாக வேண்டும். 400 எடுத்தவருக்கு 105 மதிப்பெண் கையிருப்பாக இருக்கும். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வில் பரிந்துரை வாங்கி, மருத்துவப் பரிசோதனையும் தாண்டி, கடைசியில் பட்டியலில் பெயர் வராமல் 'மெரிட் அவுட்' ஆகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும். வாங்கிய பரிந்துரை அடுத்த முயற்சிக்கு வராது, எல்லாம் முதலிலிருந்துதான். எழுத்து கட் ஆஃபும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, 2022-ஆம் ஆண்டின் முதல் தேர்வில் அது 360. ஆகவே இலக்கை 400-க்குக் கீழே வைக்காதீர்கள்.

முடிவு வரட்டும் என்று காத்திருந்து அடுத்த விண்ணப்பத்தைத் தவறவிடாதீர்கள். முதல் தேர்வுக்கு டிசம்பரிலும் இரண்டாவதற்கு மே மாதத்திலும் அறிவிப்பு வரும். எத்தனை முறை எழுதலாம் என்று வரம்பு இல்லை, வயதுக்குத்தான் வரம்பு: பதினாறரை முதல் பத்தொன்பதரை. அறிவிப்பில் இருக்கும் பிறந்த தேதி எல்லையோடு உங்கள் சான்றிதழை வைத்துப் பாருங்கள்.

எஸ்.எஸ்.பி.யில் நிரப்பும் படிவத்தில் முந்தைய முயற்சிகளைக் கேட்பார்கள். மறைக்காதீர்கள். மூன்றாவது முறை வந்தவன் என்பது குறையே இல்லை. இடையில் என்ன மாற்றினாய் என்று கேட்டால் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தேர்வுக்காகப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்காமல் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதலாம். வயது தாண்டினாலும் பட்டத்தோடு, பட்டதாரிகளுக்கான ராணுவ அதிகாரித் தேர்வான சி.டி.எஸ். எழுதலாம். அதில் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு (ஓ.டி.ஏ.) மட்டும் விண்ணப்பித்தால் கணிதத் தாளே கிடையாது. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேர்ந்து 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' கிரேடில் வாங்கி, பட்டத்தில் 50 சதவீதமும் எடுத்தால், என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்கலாம்.

அந்தப் பையன் இப்போது என்.சி.சி. வழியில்தான் போகிறான். கணிதத்தையும் விடவில்லை. போன முறை வந்தபோது அவன் போட்டுப் பார்த்த தாளில் 'கண்ணை மூடிப் போட்டது' என்ற அடையாளம் நான்கே இடத்தில் இருந்தது.