குறுக்கீடு குறைந்த அழைப்புச் செயலியை வடிவமைப்பது எப்படி?

அலுவலகக் குழுக்களுக்கான அழைப்பு, செய்திச் செயலியை வடிவமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதற்கு ஒலி எழுப்பலாம் என்பதைத்தான். பல செயலிகள் எல்லாவற்றுக்கும் ஒலி எழுப்பிவிட்டு, வேண்டாதவற்றை அமைப்புகளுக்குள் தேடி அணைக்கும் வேலையைப் பெறுபவர் தலையில் கட்டிவிடுகின்றன. செய்தி சத்தமின்றி வந்து சேர்வதே இயல்பாக இருக்க வேண்டும், ஒலிக்கச் செய்ய விரும்புகிறவர்தான் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு அறிவிப்பும் ஏதேனும் ஒரு வகையின்கீழ் வந்தாக வேண்டும். அந்த வகையின் முக்கியத்துவத்தைச் செயலி தொடக்கத்தில் நிர்ணயிக்கலாம். பின்னர் அதை உயர்த்தும் உரிமை பயனருக்கு மட்டுமே உண்டு. அழைப்பு, தனிச்செய்தி, பெயர் குறிப்பிட்டு வரும் குழுச்செய்தி, பொதுவான குழுச்செய்தி ஆகியவற்றைத் தனித்தனி வகைகளாகப் பிரித்து வையுங்கள். எல்லாம் ஒரே வகையில் கிடந்தால், குழு அரட்டையின் தொல்லை தாளாமல் அணைப்பவர் மேலாளரின் செய்தியையும் சேர்த்தே இழப்பார். ஐபோனிலும் 2021இன் ஐஓஎஸ் 15 முதல் குறுக்கீட்டுக்கு நான்கு நிலைகள் உள்ளன. அவற்றுள் உடனடிக் கவனம் தேவைப்படுபவற்றுக்கான நிலையை விளம்பரத்துக்கோ நினைவூட்டலுக்கோ செலவழிப்பது, பயனரின் நம்பிக்கையை அழிப்பதாகும்.

அதிகக் கவனம் கேட்பது அழைப்புத் திரைதான். அழைப்பவர் பொத்தானை அழுத்தியதும் மறுமுனையில் உடனே மணி அடிக்க வேண்டியதில்லை. "இப்போது வேலையில் இருக்கிறார், 3:30க்குப் பேசலாம்" என்று காட்டி, அப்போது அழைப்பதா, செய்தியாக விட்டுச் செல்வதா, இப்போதே அழைப்பதா என்று கேளுங்கள். நாட்காட்டியில் உள்ள கூட்டத்தின் பெயரையோ உடன் இருப்பவர்களையோ காட்டக் கூடாது. எப்போது பேசலாம் என்பது மட்டும் போதும். இப்போதே அழைக்க விரும்புபவரிடம் ஒரு வரியில் காரணம் கேட்டு, அந்த வரியைப் பெறுபவரின் திரையில் பெயருக்குக் கீழே காட்டுங்கள். "சர்வர் நின்றுவிட்டது, கடவுச்சொல் உங்களிடம்தான் இருக்கிறது" என்று படித்தவர் எடுப்பார். "சும்மா ஒரு சந்தேகம்" என்றால் பிறகு பார்த்துக்கொள்வார். எழுதக்கூட நேரமில்லாத நெருக்கடிக்கும் வழி இருக்க வேண்டும். ஐபோனின் தொந்தரவு செய்யாதே வசதியில், அதே நபர் மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் அழைத்தால் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு நல்லது. ஆனால் பெறுபவர் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் கொடுங்கள், இல்லையேல் எல்லாரும் இரண்டு முறை அழைக்கப் பழகிவிடுவார்கள்.

குழுச்செய்தியில் ஒரே சொல்லைச் சேர்த்து அனைவருக்கும் ஒலி எழுப்பும் வசதிக்கும், இப்போதே ஒலிக்க வேண்டுமா என்ற இதே கேள்வி பொருந்தும். அனுப்பும் முன், எத்தனை பேருக்கு ஒலிக்கும், அவர்களில் எத்தனை பேருக்கு அது இரவு நேரம் என்று காட்டினாலே பலர் காலைக்கு ஒத்திவைப்பார்கள். ஒருவர் திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது அறிவிப்புகளைத் தானாகவே நிறுத்திவையுங்கள். செய்தியைப் பார்த்ததைக் காட்டும் குறியை அணைக்கவும் வழி கொடுங்கள். உடனே பதில் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடியை அக்குறியே உண்டாக்குகிறது.

ஒரே கணக்கு கணினியிலும் கைபேசியிலும் இருந்தால், ஓரிடத்தில் எடுத்ததும் மற்ற இடத்தில் மணி நிற்க வேண்டும். இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் எஸ்ஐபி நெறிமுறையில், அழைப்பு வேறிடத்தில் எடுக்கப்பட்டது என்ற காரணத்தை ரத்துச் செய்தியுடன் சேர்த்து அனுப்பலாம். அதைப் பயன்படுத்தாத செயலி, பேசி முடித்த அழைப்பையே மிஸ்டு காலாகக் காட்டி மறுபடி பதற வைக்கும்.

வேலை முடிய ஆன நேரத்தை மட்டும் அளந்து வடிவமைப்பை மதிப்பிடாதீர்கள். குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. ஆகவே ஒவ்வொரு வகையிலும், ஒலித்தவற்றுள் எத்தனை திறக்கப்பட்டன, எத்தனை படிக்காமலே தள்ளப்பட்டன என்று எண்ணுங்கள். பெரும்பகுதி தள்ளப்படும் வகையை, அடுத்த பதிப்பில் புதிதாக நிறுவுபவர்களுக்கு ஒலியற்றதாக மாற்றிவிடுங்கள்.