மெழுகு அடைத்த கிணறு

வட குஜராத்தில் மேசானா பக்கம் நான் பார்த்துக்கொண்ட ஒரு பழைய எண்ணெய்க் கிணறு, சக்கர் ராடு பம்பில் (மேலிருந்து நீளமான கம்பியை ஏற்றி இறக்கி அடியிலுள்ள பம்பை இயக்கும் முறை) ஓடியது. குளிர்காலம் வந்ததும் எண்ணெய் பாதியாகக் குறைந்தது. பம்பு தேய்ந்துவிட்டது, ஒர்க்ஓவர் ரிக் (கிணற்றைப் பழுதுபார்க்கும் கோபுர இயந்திரம்) வைத்துக் கழற்றி மாற்றலாம் என்றார்கள். ரிக் வந்தாலே செலவு எகிறும். வயதான கிணறு அதைத் திருப்பித் தருமா என்பதே சந்தேகம்.

முதலில் கேசிங் (கிணற்றின் வெளிக்குழாய்) வழியாக, எதிரொலியை அளக்கும் எக்கோமீட்டரில் ஒலி அனுப்பி திரவ மட்டம் பார்த்தேன். நன்றாக மேலேயே இருந்தது. சரி, பாறை எண்ணெய் தருகிறது, மேலே ஏறுவதில்தான் சிக்கல். அப்புறம் டைனமோமீட்டர் படம், அதாவது ராடு ஏறி இறங்கும்போது அது தாங்கும் பாரத்தின் வரைபடம், எடுத்தோம். பம்பு கசிந்தால் படத்தின் முனைகள் மழுங்கும். இதிலோ வழக்கத்தைவிட ராடு ஏறும்போது பாரம் கூடுதல், இறங்கும்போது குறைவு, படம் கொழுத்திருந்தது. ராடு எதிலோ உரசுகிறது. இந்தக் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். மேலே வர வரச் சூடு குறைந்து டியூபிங்கின் (எண்ணெய் மேலே வரும் உட்குழாய்) உட்சுவரில் படிந்துவிடும்.

பம்பை ஓடவிட்டபடியே, சுடவைத்த எண்ணெயைக் கேசிங்குக்குள் மெதுவாகச் செலுத்தினோம். இதில் அவசரமே கூடாது. உருகிய மெழுகு பாறைத் துளைகளுக்குள் போய் உறைந்தால் கிணறே கெட்டுவிடும். பாரம் மெல்ல இறங்கியது, பழைய அளவு எண்ணெய் திரும்பியது. இப்போது மெழுகுத் தடுப்பு மருந்தைச் சிறிது சிறிதாகக் கேசிங்கில் விடுகிறோம். படம் கொழுக்க ஆரம்பித்தால் மறுபடியும் சூடான எண்ணெய்தான்.