எதற்காக மதிப்பு கேட்கிறீர்கள்? வீட்டு மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா உணவு நிலையத்தில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் வீட்டு விலைப் பேச்சு கேட்காத நாள் அபூர்வம். "என் வீட்டுக்கு எட்டு லட்சம் வெள்ளி மதிப்பு" என்பார் ஒருவர். யார் மதிப்பிட்டது என்று கேட்டுப் பாருங்கள். இணையத்தில் யாரோ கேட்ட விலையாக இருக்கும். அல்லது முகவர் வாய்மொழியாகச் சொன்னதாக, கீழ்மாடிக்காரர் போன வருடம் விற்ற விலையாக இருக்கும். இவற்றில் எதுவும் மதிப்பீடு இல்லை. மதிப்பீட்டுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்: கடன், வரி, பாகப்பிரிவினை. காரணம் மாறினால் எண்ணும் மாறும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு வாங்குவோர் அதிகம் சறுக்குவது வரிசையில்தான். முன்பெல்லாம் விற்பவர் முதலில் மதிப்பீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார். அதற்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்பதுதான் பேரமே. அந்த ரொக்கத்தைத்தான் எல்லாரும் சிஓவி (cash over valuation) என்கிறோம். 2014 மார்ச் 10 முதல் இந்த வரிசை தலைகீழானது. இப்போது முதலில் விலையைப் பேசி முடிக்க வேண்டும். விற்பவர் ஆப்ஷன், அதாவது அந்த விலைக்கு வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம், கொடுத்த பிறகு, அடுத்த வேலை நாளுக்குள் வாங்குபவர் 120 வெள்ளி கட்டி வீவகவிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். வீவக கடன், வங்கிக் கடன், மத்திய சேமநிதி என எதைத் தொடுவதாக இருந்தாலும் இது கட்டாயம். ஆனாலும் "மதிப்பீடு எவ்வளவு வந்திருக்கிறது?" என்று வீடு பார்க்கப் போன இடத்திலேயே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பவரிடம் அதற்குப் பதில் இருக்காது. இருப்பதுபோல் ஓர் எண்ணைச் சொன்னால் அது அவருடைய ஆசை.

கணக்கைப் பாருங்கள். 680,000 வெள்ளிக்குப் பேசி முடித்த வீட்டுக்கு மதிப்பீடு 650,000 என்று வருகிறது. கடனும் சேமநிதியும் இந்த இரண்டில் குறைந்த தொகையை வைத்தே கணக்கிடப்படும். 2024 ஆகஸ்ட் 20 முதல் வீவக கடனின் உச்சவரம்பு 75 விழுக்காடு. ஆகவே அதிகபட்சக் கடன் 487,500 வெள்ளி. மீதி 162,500ஐச் சேமநிதியிலிருந்து கொடுக்கலாம். விலைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலான 30,000ஐ மட்டும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். சேமநிதிக் கணக்கில் இரண்டு லட்சம் கிடந்தாலும் இதற்கு ஒரு காசு எடுக்க முடியாது. வங்கிக் கடன் என்றால் இதற்கு மேல் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமும் தேவை.

ரொக்கத்தைப் புரட்ட முடியாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஆப்ஷனுக்கு 21 நாள் ஆயுள். அதற்குள் விலகிக்கொண்டால் இழப்பது ஆப்ஷன் கட்டணம். அது அதிகபட்சம் 1,000 வெள்ளி. கௌரவம் பார்த்து நகைக்கடன் வாங்கி 30,000 வெள்ளியை நிரப்புவதைவிட இது மலிவு என்பது என் கருத்து. இரு தரப்பும் பேசிக்கொண்டு பத்திரத்தில் ஒரு விலையும் கையில் வேறு விலையுமாக முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம்.

இதே இடத்தில் இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. கடனுக்குக் குறைந்த தொகை. முத்திரைத் தீர்வைக்கோ விலை, சந்தை மதிப்பு இரண்டில் கூடிய தொகை. மேலே சொன்ன வீட்டுக்கு 680,000 வெள்ளியில் கணக்கிட்டால் தீர்வை 15,000 வெள்ளி. அண்ணன் தன் கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வீட்டைத் தம்பிக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வருவாய் ஆணையம் பாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சந்தை மதிப்புக்கே தீர்வை.

அடுத்து, செலவழித்த பணத்தை மதிப்பில் கூட்டிப் பார்க்கும் பழக்கம். சாமி அறைக்குப் பளிங்கு மேடை, செதுக்கிய தேக்குக் கதவு, சமையலறைக்கு இத்தாலியக் கல் என்று 80,000 வெள்ளி போட்டவர், மதிப்பீட்டில் அது அப்படியே திரும்பி வரும் என்று நினைக்கிறார். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய, ஒத்த வீடுகளின் விலையை. பிறகு மாடி, பரப்பளவு, எம்ஆர்டி நிலையம் எவ்வளவு தூரம், குத்தகையில் எத்தனை ஆண்டு மீதம் என்று கூட்டிக் கழிப்பார். வீட்டின் நிலைக்கும் ஓரளவு இடமுண்டு. ஆனால் உங்கள் சாமி அறை வாங்குபவருக்குத் துணி அலமாரி வைக்கும் மூலையாகத் தெரியலாம். சில வேளைகளில் வீவக மதிப்பீட்டுக்கு ஆள் வீட்டுக்கே வருவதில்லை. அப்போது தேக்குக் கதவை யார் பார்ப்பது?

ஒப்பிடும்போது ஒத்ததோடுதான் ஒப்பிட வேண்டும். நகர மையத்திலுள்ள பினாக்கல்@டக்ஸ்டனில் ஐந்தறை வீடு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டியது என்ற செய்தியைப் படித்துவிட்டு, தொலைவிலுள்ள ஈசூனில் விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. குத்தகையையும் மறக்கக்கூடாது: 1974இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2073இல் முடிந்துவிடும். எதிர் புளோக் அதைவிடப் பதினைந்து ஆண்டு இளையது என்றால் அந்த விலை உங்களுக்குப் பொருந்தாது. வீவக இணையத்தளத்தில் முடிந்த விற்பனைகளின் விலை இலவசமாகவே கிடைக்கிறது. தனியார் வீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளம் இருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை மட்டுமே.

வரிக் கடிதத்தில் வரும் 'ஆண்டு மதிப்பு' தனிக் குழப்பம். 36,000 வெள்ளி என்று பார்த்துவிட்டு "வீட்டின் மதிப்பு இவ்வளவுதானா?" என்று திடுக்கிட்டவரை எனக்குத் தெரியும். அது வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. மாதம் 3,000 வெள்ளி. நீங்களே குடியிருந்தாலும் பூட்டி வைத்திருந்தாலும் இப்படித்தான் கணக்கிடுவார்கள். சொந்தமாகக் குடியிருப்போருக்கு 2025 முதல் ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை.

கொண்டோ வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. வங்கி அதிகாரி தொலைபேசியில் சொல்லும் தொகை தோராயம்தான். யாரும் வீட்டைப் பார்த்துச் சொன்னதில்லை. கடன் விண்ணப்பத்துக்குப் பிறகு, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் தரும் அறிக்கை அதற்குக் கீழே வரலாம். வங்கிக்கு வங்கி வேறுபடும் என்பதால், ஆப்ஷனுக்குப் பணம் கட்டும் முன்பே இரண்டு மூன்று இடங்களில் கேட்பது நல்லது. சதுர அடிக் கணக்கிலும் கவனம் வேண்டும்: பழைய கொண்டோக்களில் குளிர்சாதனக் கருவி வைக்கும் திட்டும் உயரமான கூரைக்குக் கீழுள்ள வெற்றிடமும் பரப்பளவில் சேர்ந்திருக்கலாம்.

இந்தியர்களான நம்மவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 முதல் நடப்பில் உள்ள இந்தக் கொள்கைப்படி, உங்கள் புளோக்கில் சீனருக்கான ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. மதிப்பீடு என்னவாக இருந்தாலும், வாங்க வருபவர்கள் குறைந்தால் கிடைக்கும் விலையும் குறையும். விற்க அதிக நாளும் ஆகும். ஒதுக்கீட்டு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. விளம்பரத்தில் விலையைப் போடுவதற்கு முன், வீவக தளத்தில் உங்கள் புளோக்கைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.